அறுத்து வெளியே போடாத பாசி

கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறவர்கள் அந்தத் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், இன்னொரு சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. ஒரு விளக்கு, கொஞ்சம் நீரோட்டம், சிக்கிப்போன பச்சை நூல்கண்டு மாதிரி ஒரு கடற்பாசிக் குவியல், அவ்வளவுதான். மேல்தொட்டித் தண்ணீர் இந்தப் பாசி வழியாகப் போய்த் திரும்பவும் மேலே ஏறும். இதற்கு ரெஃப்யூஜியம் என்று பெயர். லத்தீனில் அடைக்கலம் என்று அர்த்தம். மீன் தின்றுவிடாமல் பொடி இறால் வகைகளும் புழுக்களும் அங்கே ஒதுங்கிப் பிழைக்கும் என்பதால் வந்த பெயர். ஆனால் நிறையப் பேர் இதை வைப்பது வேறு காரணத்துக்காக. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேருகிற நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். பள்ளிக்கூடப் புத்தகம் நைத்திரேற்று என்று எழுதுகிற அதே சாமான்தான்.

பதுளையில் கப்பி வளர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்கள் அபூர்வம். அப்புறம் எதற்கு ஊவா மலையிலிருந்து கடற்பாசி பற்றி ஒரு கட்டுரை? அந்தப் பாசித் தொட்டியும் நம்ம தேயிலைச் செடியும் ஒரே கண்ணாடிப் பெட்டியின் பிள்ளைகள் என்பதால்தான்.

லண்டனின் கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட, நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்றொரு வைத்தியர் இருந்தார். கரிப்புகையில் அவர் வளர்த்த பன்னச்செடிகள் எல்லாம் செத்துப்போயின. 1829இல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கத்தான் வைத்தது. மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. போத்தலுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டுச் சொட்டி, திரும்ப மண்ணுக்கே வந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. 1833இல் இதே மாதிரி செய்த இரண்டு பெட்டிகளில் செடிகளை ஏற்றி சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடற்பயணம் முடிந்து செடிகள் உயிரோடு இறங்கின. அதற்கு முன்னால் உப்புக்காற்றிலும் நன்னீர் பற்றாக்குறையிலும் கப்பல் செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே போய்விடும்.

ஒரு வைத்தியரின் பொழுதுபோக்கு, சாம்ராஜ்யத்தின் சாமான் பெட்டியாக மாற அதிக காலம் எடுக்கவில்லை. 1848க்கும் 1851க்கும் இடையில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கடத்திக்கொண்டு வந்தது இந்த வார்ட் பெட்டிகளில்தான். கொய்னாப் பட்டை தருகிற சின்கோனா தென் அமெரிக்க மலைகளிலிருந்து ஆசியாவுக்கு வந்ததிலும் இந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்குகிற வழியில் இருக்கிற ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் 1861இல் சின்கோனாவுக்காகவே திறக்கப்பட்டது. இப்போது நாம் அங்கே ரோஜாப்பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

பெட்டிக்குள் செடி மட்டும் போகவில்லை. மண்ணும் போனது, மண்ணோடு புழு, பூச்சி, பூஞ்சை எல்லாம் போயின. 1869இல் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் துருப் படிவதை முதன்முதலாகக் கவனித்தது நம்ம மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில். அந்த வருஷமே அந்தப் பூஞ்சைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்து என்ன செய்ய, அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கையின் கோப்பி முடிந்துபோனது. அதை ஆராய 1880இல் லண்டனிலிருந்து ஓர் இளைஞரை அனுப்பினார்கள். அவர் பெயர் ஹாரி மார்ஷல் வார்ட். பெட்டி செய்த வார்ட் வேறு, நோய் பார்க்க வந்த வார்ட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் வரலாறு சில சமயம் இப்படிக் கிண்டல் செய்யும். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதன்னையை வாங்கினார். மற்றதை நம்ம பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அதே பெட்டி லண்டன் வீடுகளில் இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1846இல் அன்னா தைன் என்ற பெண் கடலோரத்திலிருந்து உயிருள்ள கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். நகரத்துக்குள் கடல்நீரைக் கெடாமல் வைப்பது எப்படி? முதலில் அவர் கண்ட வழி, சன்னலுக்கு முன்னால் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றுப் படவைப்பது. தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது அவர் இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண். கடல்நீர்த் தொட்டியின் சரித்திரத்தில் அன்னா தைனின் பெயர் இருக்கிறது, உலகத்தின் முதல் ஏர் பம்ப்பாக இருந்த அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை. பிறகு தைன் கடற்செடிகளைத் தொட்டிக்குள் போட்டார், தண்ணீர் நின்றது.

இதற்கு வேதியியல் விளக்கம் சொன்னவர் ராபர்ட் வாரிங்டன். 1850இல் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தண்ணீரில் வாழ்வதைக் காட்டினார். அடுத்து கடல்நீரில் முயன்றபோது சிவப்பு, பழுப்புப் பாசிகளைவிடப் பச்சைப் பாசிதான் நிலைக்கிறது என்று கண்டார். அதில் முக்கியமானது கீரை இலை மாதிரி இருக்கிற உல்வா. (ஊவா இல்லை, உல்வா. எங்கள் கூட்டத்தில் இதை வைத்து இரண்டு நாள் சிரித்தோம்.) 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்வீடு திறந்தார்கள், 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய புத்தகம் வந்தது, அப்புறம் இங்கிலாந்தே தொட்டிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. அந்தப் பைத்தியத்தில் கடலோரப் பாறைக்குட்டைகள் எப்படி வெறுமையாகின என்று கொஸ்ஸின் மகன் பிற்பாடு வருத்தத்தோடு எழுதினார்.

வாரிங்டன் காலத்து ஆட்கள் பாசி ஒட்சிசன் தருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கதையின் பாதிதான் அது. மீன் கழிவு அமோனியாவாகும். ஒருவகை பக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். அமோனியா மீனைக் கொல்லும், நைட்ரேட் அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. அதனால் வடிகட்டி நன்றாக வேலை செய்கிற தொட்டியிலும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும், வேண்டாத பாசி கண்ணாடியெல்லாம் படரும், பவளம் வாடும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி 1980களில் செய்தது என்னவென்றால், வேண்டாத பாசியை எதிரியாகப் பார்க்காமல் அதற்கென்றே வெளிச்சம் போட்டு ஒரு தனி இடம் கொடுத்தார். வளர்ந்த பாசியைச் சுரண்டி வெளியே எடுத்துவிடுவார். 1991இல் கேரன் லவ்லேண்டோடு சேர்ந்து இதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். இன்று ரெஃப்யூஜியம் வைக்கிறவர்கள் கீட்டோமோர்ஃபா என்கிற நூல்பாசி, கோலர்ப்பா, கிராசிலேரியா என்று வளர்க்கிறார்கள். கிராசிலேரியா நமக்குப் புதிது இல்லை. யாழ்ப்பாணம், கற்பிட்டிக் களப்புகளில் கிடைக்கிற அந்த இனத்துப் பாசியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ நூல்கள் சிலோன் பாசி என்று எழுதின. காய்ச்சி ஜெல்லியாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மேல்தொட்டி இருளில் இருக்கும்போது கீழ்த்தொட்டியில் விளக்கு எரியும்படி வைப்பது வழக்கம்; இரவில் தண்ணீரின் அமிலத்தன்மை கூடுவதை அது மட்டுப்படுத்தும்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். பாசி நைட்ரேட்டை அழிப்பதில்லை. தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. அந்த உடம்பு தொட்டிக்குள்ளேயே அழுகினால் உறிஞ்சின அத்தனையும் திரும்பத் தண்ணீருக்கு. கோலர்ப்பா சில சமயம் ஒரே இரவில் உள்ளிருப்பதையெல்லாம் தண்ணீரில் கக்கிவிட்டு வெளிறிச் செத்துப்போகும். அதனால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை கைநிறையப் பிடுங்கி வெளியே போடவேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரப்பாசி ஒரு கிலோ காய்ந்தால் 100 கிராம் அளவு நிற்கும் என்று வையுங்கள். அதில் நைதரசன் 3 கிராம் என்றால், அது 13 கிராம் நைட்ரேட்டுக்குச் சமம். 300 லீட்டர் தொட்டியில் லீட்டருக்கு 44 மில்லிகிராம் நைட்ரேட்டை ஒரு கிலோ பாசி வெளியே தூக்கிக்கொண்டு போகிறது. தூக்கிப்போட்டால்தான். பாசி நைதரசனைப் பொஸ்பரசைவிட அணு எண்ணிக்கையில் ஏறக்குறைய 30 மடங்கு எடுக்கும், அதனால் பல தொட்டிகளில் நைட்ரேட் முதலில் தீர்ந்து பொஸ்பேட் மிஞ்சி நிற்கும் என்பது வேறு தலைவலி.

ஏடி இதைத் தொட்டியோடு விடவில்லை. ஃபுளோரிடாவில் கரும்பு விளைகிற நிலங்களிலிருந்து கால்வாய்களில் இறங்கி வருகிற தண்ணீரில் பொஸ்பரசைப் பிடிக்க அதே முறையை முயன்று 1993இல் முடிவுகளை வெளியிட்டார். பெருந்தோட்டத்துத் தண்ணீர்! அதைப் படித்தபோதுதான் எங்களுக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது.

ஆனால் ஊவாவுக்கு வருவதற்கு முன்னால் மண்டபத்தில் ஒரு தரம் இறங்கவேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கேம்ப் என்ற பெயர் நம்ம குடும்பங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு வந்த ஆட்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் அம்மை, வாந்திபேதி இருக்கிறதா என்று பார்க்க இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திய தடுப்பு முகாம் அது. செடிக்குக் கண்ணாடிப் பெட்டி, ஆளுக்கு மண்டபம். செடியை எப்படி உயிரோடு இறக்குவது என்பதற்குக் காட்டிய அக்கறையை ஆளுக்கு எப்போது காட்டினார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்: வார்ட் பெட்டியில் கன்று பத்திரமாகப் போன அதே காலத்தில், கோப்பிக்கு வந்த ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு காட்டுவழி நடந்து செத்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது. பதுளையிலிருந்து அழுகைக் கோச்சியில் போனவர்களை மறுபடி வாங்கிக்கொண்டதும் மண்டபம்தான். 1983க்குப் பிறகு அது அகதி முகாம். ரெஃப்யூஜியம் என்ற சொல்லுக்கும் அகதி என்கிற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்.

அதே மண்டபத்தில், 1949இலிருந்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் நிலையம் நின்றது. பக்கத்தில் முனைக்காட்டுக் கடலில் அவர்கள் செய்த சோதனை, ரெஃப்யூஜியத்தைக் கடலுக்குள்ளேயே வைத்த மாதிரி. கடல்விரால் மீன் வளர்க்கிற கூண்டைச் சுற்றி கப்பாஃபைகஸ் பாசி கட்டின மூங்கில் மிதவைகளை நிறுத்தினார்கள். மீன் கழிவில் கரைந்து வருகிற சத்து பாசிக்குச் சாப்பாடு. கூண்டோரத்து மிதவை, தனியாக மிதந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் விளைந்தது. நாற்பத்தைந்து நாள் போல ஒரு சுற்று, அறுத்துக் கரையேற்றிக் காயப்போடுவதில் பெண்கள் நிறையப் பேர். அறுவடை செய்தால் காசு என்பதால் அங்கே பாசி தண்ணீருக்குள் அழுகிக் கிடப்பதில்லை. ஆனால் இதிலும் வார்ட் பெட்டியின் பழைய கதை உண்டு. கப்பாஃபைகஸ் அந்தக் கடலுக்கு வெளியாள். குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் அது படர்ந்து மூடியதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள்.

சரி, நம்ம மலை. ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தொட்டியாக நினைத்துப் பாருங்கள். இங்கே அறுவடை தவறாது. கொழுந்து எடுக்கிற அக்கா ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால், அது காய்ந்து ஏறக்குறைய நான்கு கிலோ தூளாகும். தூளில் நைதரசன் நூற்றுக்கு நான்கு என்று வைத்தாலும் 160 கிராம். 350 கிராம் யூரியாவில் இருக்கிற நைதரசனை ஒரு பெண் ஒரு நாளில் முதுகில் தூக்கி மலையைவிட்டு இறக்கிவிடுகிறாள். வருஷம் முழுக்க, நூற்றைம்பது வருஷமாக. ரெஃப்யூஜியம் வைத்திருக்கிற எவரும் இவ்வளவு ஒழுங்காக அறுத்ததில்லை. மண்ணிலிருந்து இப்படிப் போவதை ஈடுகட்டத்தான் உரம். செடி போட்டதெல்லாவற்றையும் எடுப்பதில்லை. சரிவான மலை, நல்ல மழை. மிச்சம் கான் வழியாக ஓடைக்கு, ஓடையிலிருந்து பதுளு ஓயாவுக்கு, துன்ஹிந்தையில் விழுந்து மகாவலிக்கு. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுகிற நிலங்களில் உரம் இன்னும் தாராளம், அந்தத் தண்ணீர் உமா ஓயாவில் ரந்தம்பைக்குப் போகிறது. 2024இலிருந்து அதில் ஒரு பகுதி சுரங்கம் வழியாகத் தெற்கே வறண்ட ஊவாவுக்கும் போகிறது. நுவரெலியாப் பக்கத்துத் தண்ணீர் தேங்குகிற கொத்மலையில் 1991இல் நீலப்பச்சைப் பாசி பொங்கி நீர்த்தேக்கமே பச்சையானது. அறுக்க ஆளில்லாத ரெஃப்யூஜியம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அதைத்தான் காட்டவேண்டும்.

இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் 2021 வந்தது. மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. உரம் தண்ணீரைக் கெடுக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் கொழுந்தோடு தினமும் இறங்கிப்போகிற நைதரசனுக்குப் பதில் என்ன என்று யோசிக்காமல் ஒரே இரவில் வாசலை மூடினால், தொட்டியில் மீனுக்குத் தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ, 2022இல் சுமார் 251 மில்லியன். நாள் பெயர் குறைந்த வீடுகளுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அப்போது பதிலாக வரவிருந்தது என்ன தெரியுமா? கடற்பாசி உரம் செய்வதில் பேர்போன சீனாவின் சிங்தாவோ சீவின் நிறுவனத்திடம் 99,000 தொன் சேதன உரத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதன்மையாக நெல்லுக்கு. 20,000 தொன்னோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரிகளில் எர்வினியா பக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் சொன்னது, நிறுவனம் அதை மறுத்தது. உரம் இறங்கவே இல்லை. 2022 ஜனவரியில், டொலருக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், இறங்காத உரத்துக்கு 67 லட்சம் டொலர் கட்டினோம். மடுல்சீமையில் துரு கண்ட காலத்தில் இப்படித் தடுத்துச் சோதிக்க ஒரு நிலையம் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பாசியே இல்லாத இந்த மலையில் பாசியின் வேலையைச் செய்கிறவை இருக்கின்றன. லயத்துக் கான் ஓரத்தில் சேம்பு ஏன் அவ்வளவு கொழுப்பாக வளர்கிறது? கானில் வருகிற நைதரசனைத் தின்றுதான். மலைச்சரிவின் அடிவாரத்தில் இருக்கிற வயலும் மேலேயிருந்து வடிகிறதைப் பிடிக்கிறது. சேறும் தண்ணீருமாகக் கிடக்கிற மண்ணில் பக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடுவதற்கு முன்னால் இரண்டு வருஷம் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ நடச்சொல்வது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய சிபாரிசு. வளர வளர வெட்டி அதே மண்ணில் பரப்புவார்கள். சத்து மலையைவிட்டு ஓடாமல் இருக்க ஒரு வழி. வெட்டுகிற ஆளுக்கு நாள் பெயர் போடவேண்டும் என்பதால், செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கிறதும் இந்த மாதிரி வேலைகளில்தான்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கிற அளவு லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைத் தூக்க முடியாமல் குழந்தை நீலம் பாயும். பவளம் வளர்க்கிறவர் 20ஐப் பார்த்தாலே பதறிப்போய்ப் பாசியை அறுக்க ஓடுவார். எத்தனை லயத்துப் பீலியில் யார் எப்போது அளந்து பார்த்திருக்கிறார்கள்?

மீன் கடைகளில் நைட்ரேட் பார்க்கிற தாள்பட்டிகள் விற்கிறார்கள். தொட்டிக்காகச் செய்தது, துல்லியம் குறைவு, ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் கூடுதலா குறைவா என்று காட்டும். சிலதில் நைட்ரேட்டாகவும் சிலதில் நைதரசனாகவும் எண் போட்டிருப்பார்கள். நைதரசனாகப் போட்டிருந்தால் 11 என்பதே 50க்குச் சமம், பெட்டியை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்த மாரிக்கு நாங்கள் எங்கள் எங்கள் லயத்துப் பீலிகளில் இரண்டு தடவை பார்க்கப்போகிறோம். உரம் போடுவதற்கு முந்தின வாரம் ஒன்று, உரம் போட்டு முதல் பெருமழை விழுந்த மறுநாள் ஒன்று. பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கம் இருக்கிற யாராவது சேர்ந்துகொண்டால் நல்லது. போத்தலைக் கழுவி, பீலியில் மூன்று தரம் அலசிவிட்டுப் பிடியுங்கள். திகதியும் மழையும் குறித்துவையுங்கள்.